டீன்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? ஒரு பாடத்தை நிறுத்தும் முன் யாரிடம் கேட்கிறார்கள்?

தெம்பனிஸ் அமுதா
திங்கள், இரவு 9:12

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் டீன் (பல துறைகள் சேர்ந்த புலத்தின் தலைவர்) அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கூட்டத்துக்கான தாள்களைத் தயாரிப்பது, நடந்ததைக் குறிப்பெடுப்பது, முடிவானதைத் துறைகளுக்குத் தெரிவிப்பது எல்லாம் என் பொறுப்பு. எந்தப் பல்கலைக்கழகம் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

அண்மையில் ஒரு விருப்பப் பாடத்தை நிறுத்தினார்கள். இந்த வட்டாரத்துத் துறைமுக நகரங்களின் வரலாறு பற்றிய பாடம். பல வருடமாக ஒரே ஆசிரியர்தான் நடத்தி வந்தார். கூட்டத்துக்கு அதைப் பற்றி வந்தது ஒரே ஒரு தாள். மேலே பாடத்தின் குறியீடு, கீழே கடந்த மூன்று முறை சேர்ந்தவர்களின் எண்ணிக்கை: 31, 14, 8. கடைசி வரி, நிறுத்தலாம் என்ற பரிந்துரை. டீன் ஒருமுறை எல்லாரையும் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்படி ஒரு பேச்சு நடப்பதே அந்த ஆசிரியருக்குத் தெரியாது. அடுத்த செமஸ்டருக்கான பதிவுப் பக்கத்தில் தன் பாடத்தைக் காணோம் என்று எனக்குத்தான் ஃபோன் செய்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் டீன் கெட்டவர் இல்லை. மாணவர்களின் மேல்முறையீட்டை இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்து படிப்பவர். அதனால்தான் இங்கே கேட்கிறேன். நல்ல மனிதர்கள் நிறைந்த ஓர் அறையில் இப்படி ஒரு முடிவு எப்படி நடக்கிறது?


ஓய்வுபெற்ற பேராசிரியர்
திங்கள், இரவு 10:40

அம்மா அமுதா, நான் துறைத் தலைவராக இருந்தவன், துணை டீனாகவும் கொஞ்ச காலம். டீன் என்றால் அந்தப் புலத்துக்கே ராஜா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது நடுவில் மாட்டிக்கொண்ட பதவி.

2006-ல் என்யுஎஸ்ஸும் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) என்டியுவும் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) 2000-ல் தொடங்கியபோதே அப்படித்தான். அறங்காவலர் குழு, தலைவர், கல்விப் பணிகளுக்குப் பொறுப்பான புரோவோஸ்ட், அவர்களுக்குக் கீழே டீன். பணம் கல்வி அமைச்சிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கிருந்து புலங்களுக்குப் பிரியும். மொத்தத் தொகையை டீன் தீர்மானிப்பதில்லை. அவர் கையில் இருப்பது எத்தனை ஆசிரியர் இடம், யாருக்கு எவ்வளவு பாடச் சுமை, எந்த அறை, எந்த விடுப்பு, இவ்வளவுதான். ஒருவருக்கு டென்யூர் (நிரந்தரப் பணி) கொடுப்பதைக்கூட அவர் தனியாக முடிவு செய்ய முடியாது. வெளிநாட்டு அறிஞர்களின் மதிப்பீட்டுக் கடிதங்கள் வர வேண்டும், துறையில் பேச வேண்டும், புல அளவில் ஒரு குழு, பல்கலைக்கழக அளவில் இன்னொரு குழு. டீனின் கடிதம் கனமானதுதான், ஆனால் கடைசி வார்த்தை அவருடையது அல்ல.

இன்னொன்றை வெளியாட்கள் யோசிப்பதில்லை. டீன் பதவிக்குக் கால வரம்பு உண்டு. முடிந்ததும் பழைய துறைக்குத் திரும்பி, தான் யாருடைய பாடத்தை நிறுத்தினாரோ அவருக்குப் பக்கத்து அறையில் உட்கார வேண்டும். முகத்துக்கு நேராக 'உன் பாடம் வேண்டாம்' என்று சொல்ல மனம் வராது. அந்த இடத்தில்தான் எண்கள் கைகொடுக்கின்றன. 8 என்று தாளே சொல்லிவிட்டால் மனிதர் யாரும் சொல்ல வேண்டியதில்லை.


பிடோக் பாலா
செவ்வாய், காலை 7:55

எம்ஆர்டி ரயிலில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். எட்டு பேர் வாங்கும் பொருளை எந்த நிறுவனமும் தயாரிக்காது. ஒரு ஆசிரியரின் சம்பளம், ஓர் அறை, தேர்வு ஏற்பாடு எல்லாம் எட்டு பேருக்கு என்றால் அது வரிப்பணம். அந்த ஆசிரியர் நாற்பது பேர் வகுப்பை எடுக்கலாமே. ஒவ்வொரு முடிவுக்கும் எல்லாரையும் கேட்க வேண்டும் என்றால் ஒன்றுமே நடக்காது. எங்கள் காலத்தில் என்யுஎஸ்ஸில் பாடங்களுக்குப் புள்ளி வைத்து ஏலம் கேட்போம். யாரும் கேட்காத பாடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். அதை நிறுத்தினால் யாரும் அழுததில்லை.

அந்த ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். அது மரியாதை. ஆனால் முடிவு தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.


ஆய்வு மாணவி யாழ்
செவ்வாய், மதியம் 1:20

பாலா அண்ணே, சொல்லாமல் விட்டது மரியாதைக் குறைவு மட்டுமில்லை. கேட்டிருந்தால் முடிவே வேறாக இருந்திருக்கலாம். யாரிடம் தகவல் இருக்கிறதோ அவர் அந்த அறையில் இல்லை என்பதுதான் பிரச்சினை.

பெரிய உதாரணம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் என்யுஎஸ்ஸும் சேர்ந்து நடத்திய யேல்-என்யுஎஸ் கல்லூரி. 2011-ல் அறிவித்து, 2013-ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். 2021 ஆகஸ்ட் 27 அன்று, அது என்யுஎஸ்ஸின் பல்கலைக்கழக அறிஞர் திட்டத்தோடு இணைந்து புதிய கல்லூரியாகும் என்று அறிவித்தார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பாடம் நடத்தியவர்களுக்கும் முடிவான பிறகுதான் தெரியும். மேலிருந்து திணிக்காதீர்கள் என்ற மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது. செலவு, அதிக மாணவர்களுக்கு வாய்ப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தக் காரணங்களில் நியாயம் இருந்திருக்கலாம், நான் அதற்குள் போகவில்லை. காரணங்கள் முடிவுக்குப் பின்னால் வந்தன என்பதுதான் மக்களுக்கு வலித்தது.

2025-ல் அந்தக் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் மறுசுழற்சிக்குப் போனபோதும் அதே கோபம் கிளம்பியது. பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. மாணவர்களிடம் 'யாருக்கு வேண்டும்?' என்று முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் வாங்கிக்கொள்ள வரிசையில் நின்றிருப்பார்கள்.


முரசு வாசகன்
செவ்வாய், இரவு 8:30

எட்டு பேர் என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்று பெரிய சர்ச்சை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். துறைமுகத்திலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்கள், பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள், தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956-ல் துறை வந்தது, தமிழோடு வந்தது.

1959-ல் அந்தத் துறை கோலாலம்பூர் வளாகத்துக்குப் போய்விட்டது. பல்கலைக்கழகம் இரண்டு பிரிவாகச் செயல்படத் தொடங்கிய நேரம் அது. மேலே உட்கார்ந்து எந்தத் துறை எந்த ஊரில் என்று பிரித்தவர்களுக்கு அது ஒழுங்கான ஏற்பாடாகத்தான் பட்டிருக்கும். மலாயாவில் தமிழர்கள் அதிகம், அங்கே இருப்பது பொருத்தம் என்று வாதிடலாம். ஆனால் சிங்கப்பூருக்கு என்ன ஆனது? இங்கே தமிழ் மொழி இலக்கியத்துக்கு ஒரு பட்டப்படிப்பு வர 2006 வரை காத்திருந்தோம். அதையும் தொடங்கியது சிம் பல்கலைக்கழகம். இன்றைக்கு அது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்.

ஒரு துறையை எடுப்பதற்கு ஒரு கூட்டம் போதும். திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. பாலா தம்பி, பொருளை நிறுத்திய நிறுவனம் ஆர்டர் வந்தால் மறுபடி தயாரிக்கும். பாடம் அப்படி வராது, நடத்தத் தெரிந்தவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார்.

சீனச் சமூகத்துக்கும் இப்படி ஒரு நினைவு உண்டு. சீன மொழியில் நடந்த நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டியவர்கள்கூட ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். 1980-ல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து என்யுஎஸ் ஆனது. அங்கே படித்த பெரியவர்களிடம் இப்போது பேசிப் பாருங்கள். இணைத்தது சரியா தவறா என்பதைவிட, எங்களை யார் கேட்டார்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.


பிடோக் பாலா
செவ்வாய், இரவு 9:15

ஐயா, 1959 விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. சாரங்கபாணி என்றால் பத்திரிகைக்காரர், தமிழர் திருநாள் நடத்தியவர் என்ற அளவில்தான் தெரியும்.

ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. எட்டு பேருக்கு நடத்தலாம் என்றால் நாலு பேருக்கு? இரண்டு பேருக்கு? எங்கேயாவது கோடு போட வேண்டுமே. அந்தக் கோட்டை யார் போடுவது?


முரசு வாசகன்
செவ்வாய், இரவு 9:50

நியாயமான கேள்வி. நம் பள்ளிக்கூடங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. பல பள்ளிகளில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்திருந்தால் எல்லா இடத்திலும் தமிழை நிறுத்தியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்கு வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்ந்து படிக்கிறார்கள். ஓர் இடத்தில் எட்டு, மூன்று இடம் சேர்ந்தால் இருபத்து நாலு.

பல்கலைக்கழகங்களிலும் இது முடியாததல்ல. என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு மாணவர்கள் ஒரு செமஸ்டர் இன்னொரு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு. சிறிய பாடங்களைப் பொறுத்தவரை டீன்கள் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து, இதை நீங்கள் நடத்துங்கள், அதை நாங்கள் நடத்துகிறோம் என்று பேசலாமே. அந்தக் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு எந்த ஒரு டீனுக்கும் தனியாக இல்லை. அதனால் அது நடப்பதில்லை.


ஓய்வுபெற்ற பேராசிரியர்
புதன், காலை 6:30

அமுதா, உங்கள் தாளில் இருந்த 31, 14, 8 என்பதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது மெதுவாகத் தேய்ந்த பாடம் இல்லை. 31-லிருந்து 14-க்கு ஒரேயடியாக விழுந்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஏதோ நடந்திருக்க வேண்டும். வகுப்பு நேரம் மாறியதா? அறை மாறியதா? எந்தப் பட்டியலில் அந்தப் பாடம் கணக்கில் சேர்ந்தது, பிறகும் சேர்ந்ததா? பழைய கால அட்டவணைகள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். 2021-ல் என்யுஎஸ்ஸில் கலை, சமூக அறிவியல் புலமும் அறிவியல் புலமும் சேர்ந்து மனிதவியல், அறிவியல் கல்லூரி வந்தது. இரண்டு டீன்களும் சேர்ந்து நடத்துவது. எல்லாருக்கும் பொதுவாக 13 பாடங்கள் வைத்தார்கள், மொத்தப் பட்டத்துக்கு 40 பாடம் என்ற கணக்கில். எழுத்து, தரவு, செயற்கை நுண்ணறிவு, வடிவமைப்புச் சிந்தனை, ஆசியவியல் என்று நல்ல நல்ல விஷயங்கள்தான். இலக்கிய மாணவர் தரவைத் தொட வேண்டும், இயற்பியல் மாணவர் ஆசியாவைப் படிக்க வேண்டும் என்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மூன்றில் ஒரு பங்கு பொதுவாகப் போனால் மீதியில் மாணவர் சும்மா ஆசைக்கு ஒரு பாடம் எடுக்கும் இடம் குறையும். எந்தப் பல்கலைக்கழகத்தில் பொதுப்பாடம் கூட்டினாலும் இதே கணக்குதான்.

அப்படிக் குறைந்தால் சின்னப் பாடங்களில் ஆள் விழும். இரண்டு வருடம் கழித்து அந்த எண்ணை ஒரு தாளில் போட்டு, மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று படிப்பார்கள். மாணவரின் ஆர்வம் குறையவே இல்லை. அந்த அறையில் முன்பு எடுத்த முடிவு இப்போது எண்ணாக உருமாறித் திரும்பி வந்திருக்கிறது. டீனுக்கு அது தன் கையெழுத்து என்று தெரிவதில்லை. பல சமயம் அது அவருக்கு முந்தைய டீனின் கையெழுத்து.


தெம்பனிஸ் அமுதா
புதன், இரவு 7:45

ஐயா, மதியம் தேடிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது.

31 பேர் சேர்ந்தபோது வகுப்பு செவ்வாய் காலை 10 மணிக்கு. 14 ஆனபோது வெள்ளி மாலை 4 முதல் 6 வரை. அறை பற்றாக்குறையால் மாற்றியிருக்கிறார்கள், அந்தக் கூட்டக் குறிப்பும் என்னிடம் இருக்கிறது. 'சில பாடங்களின் நேரம் மாற்றப்படும்' என்று ஒரே வரி. அதே வெள்ளி மாலையில் இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு ஒரு கட்டாய வகுப்பும் ஓடுகிறது. மோதுகிறது.

8 ஆனபோது, பொது விருப்பப் பட்டியலிலிருந்து அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் துறையின் மாணவர்கள் மட்டும்தான் அதைப் பட்டத்துக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும்.

இரண்டும் எங்கள் கூட்டத்தில் எடுத்த முடிவுகள். மூன்றாவது கூட்டத்தில் அவை எதுவும் தாளில் இல்லை.


பிடோக் பாலா
புதன், இரவு 8:05

வெள்ளிக்கிழமை மாலை 4 முதல் 6 வரையா? அப்படியென்றால் 14 பேர் வந்ததே பெரிய விஷயம். நான் என் வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். சந்தையில் கடையைப் பூட்டி வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்வது கணக்கு இல்லை.


துணை டீன் ஒருவர்
புதன், இரவு 11:30

இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். இப்போது அந்தப் பதவியில் இருப்பவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். வேறு பல்கலைக்கழகம்.

முன்கூட்டியே கேளுங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பட்டத்தை நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம் என்று வெளியே வந்த அன்றே, அதில் சேர இருந்த மாணவர்கள் வேறு இடம் தேடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் விண்ணப்பம் போட ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் தொடரலாம் என்று முடிவெடுத்தாலும், அதற்குள் பாதி ஆள் போய்விட்டிருக்கும். ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்பதைப் பொதுவில் பேசவும் முடியாது, அது அவருடைய தனிப்பட்ட விஷயம். மூடிய கதவுக்குப் பின்னால் பேசுவதெல்லாம் ஆணவத்தால் அல்ல. சில சமயம் அது ஆட்களைக் காப்பாற்றத்தான்.

அமுதா கண்டுபிடித்தது என்னை உறுத்துகிறது என்பதும் உண்மை. எங்கள் கூட்டத்தில் ஒரே மாலையில் பதினைந்து இருபது விஷயம் வரும். ஒவ்வொன்றுக்கும் தாள். வரலாறு தாளில் இல்லை என்றால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.


ஆய்வு மாணவி யாழ்
வியாழன், காலை 10:10

சார், எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் பயம் நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைக்க வேண்டியதில்லை.

ஆளைப் பற்றிய பேச்சு மூடியே இருக்கட்டும். விதியைப் பற்றிய பேச்சு திறந்து நடக்கலாம். எத்தனை பேருக்குக் கீழே போனால் பாடத்தைப் பரிசீலனைக்கு எடுப்போம், எத்தனை முறை தொடர்ந்து குறைந்தால், நேரம் மாறிய வருடத்தைக் கணக்கில் எடுப்போமா மாட்டோமா? இதையெல்லாம் எந்தப் பாடமும் ஆபத்தில் இல்லாத நேரத்தில் ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பேசி எழுதி வைக்கலாம். பாலா அண்ணன் கேட்ட கோடு அதுதான். அப்புறம் ஒரு பாடம் அந்தக் கோட்டைத் தொட்டால், அதை நடத்துபவருக்கு மட்டும் முதலில் சொல்லி, அவர் பதிலை இரண்டு பத்தி தாளிலேயே சேர்க்கலாம். அதனால் யாரும் ஓடிப்போக மாட்டார்கள். அவருக்குத் தன் பாடம் எப்படி இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும்.


துணை டீன் ஒருவர்
வியாழன், மதியம் 12:50

ஆசிரியரின் இரண்டு பத்தி, சரி. அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம். விதியை எழுதி வைப்பது துறைத் தலைவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். பெரிய துறைகள் கடுமையான கோட்டைக் கேட்கும், சிறிய துறைகள் எதிர்க்கும். அந்தச் சண்டை நடக்கத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.


தெம்பனிஸ் அமுதா
அடுத்த புதன், இரவு 9:00

நடந்ததைச் சொல்கிறேன். பழைய கால அட்டவணையையும் அந்த இரண்டு கூட்டக் குறிப்புகளையும் ஒரு பக்கத்தில் வைத்து டீனிடம் கொண்டுபோனேன். போகும் முன் துறைத் தலைவரிடமும் சொன்னேன், அவர் தலைக்கு மேல் போனதாக இருக்கக் கூடாது என்று. டீன் இரண்டு முறை படித்தார். 'வெள்ளிக்கிழமைக்கு மாற்றியது நாம்தானே' என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த செமஸ்டருக்கான அறைகள் முடிவாகிவிட்டதால் பாடம் இந்த முறை வராது. அதற்கு அடுத்த செமஸ்டருக்குக் காலை நேரத்தில் வைத்து, பொதுப் பட்டியலிலும் சேர்த்து, ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியரை வரச் சொல்லித் தானே பேசினார்.

பாடத்தை நிறுத்தும் பரிந்துரைக்கான தாளின் மாதிரியில் இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஒன்று, கடந்த ஆறு செமஸ்டரில் இந்தப் பாடத்தின் நேரம், அறை, பட்டியல், விதி ஆகியவற்றில் என்ன மாறியது, எந்தக் கூட்டத்தின் முடிவால் என்பதற்கு. இன்னொன்று பாடம் நடத்துபவரின் குறிப்புக்கு. இரண்டும் நிரம்பாத தாளை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதில்லை என்று டீன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.


பிடோக் பாலா
அடுத்த புதன், இரவு 9:25

அருமை அக்கா. ஒரு கேள்வி. என்னைப் போன்ற பழைய மாணவர்கள் ஒரு பாடத்துக்காக எழுத வேண்டும் என்றால் யாருக்கு எழுதுவது? டீனுக்கா?


ஓய்வுபெற்ற பேராசிரியர்
அடுத்த புதன், இரவு 10:05

துறைத் தலைவருக்கு எழுதுங்கள், டீன் அலுவலகத்துக்கு ஒரு நகல் போடுங்கள். அறைகள் முடிவாகும் முன் எழுத வேண்டும், அந்தத் தேதியை அமுதா சொல்வார். வாழ்த்து மடல் மாதிரி எழுதாதீர்கள். அந்தப் பாடத்தில் படித்த எது உங்கள் வேலையில் எப்போது பயன்பட்டது என்று ஒரு பக்கம் எழுதுங்கள், அதைத் தாளோடு இணைக்க முடியும்.